வீரநாராயணன் ஏரி: மலையில்லா நாட்டில் ஒரு நீர்நிலை

நம் வட்டத்தின் கவியரங்குகளில் ஏரி பாடப்படும்போதெல்லாம் ஒரு மலையும் உடன் வந்துவிடுகிறது. காடு சூழ்ந்த பள்ளத்தாக்கு, அதன் நடுவே ஒரு சிறிய நன்னீர் ஏரி, கரையோரம் பனிமூட்டம், நீரில் தலைகீழாய் நிற்கும் மரங்கள். உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வந்த நினைவில் பிறக்கும் காட்சி இது. இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழ்ந்து, கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட மண்ணில் விளைந்த சோற்றை உண்டு தமிழ் பாடும் நாம், நம் கைக்கெட்டும் தூரத்திலுள்ள ஏரியை அதன் உண்மையான நிலவமைப்போடு அறிந்திருக்கிறோமா என்ற வினா எனக்கு நெடுநாளாக உண்டு. பத்தாண்டு நிறைவு மலரில் அதைப் பற்றி எழுதுவது பொருத்தமென்று தோன்றியது.

மலையேரிகளை முதலில் சற்று நோக்குவது பயன் தரும். அவை நாம் எண்ணுவதுபோல் இயற்கை தந்தவையும் அல்ல, பழமையானவையும் அல்ல. உதகை ஏரி, கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823இல் தொடங்கி 1825இல் முடித்த வேலை. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரைக் கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியால் உருவானது. ஏற்காட்டின் பெயரையே ஏரியும் காடும் கூடிய பெயர் என்பர். இவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஓடை ஒன்று இறங்கிவரும் பள்ளத்தாக்கு எங்கே குறுகுகிறதோ அங்கே ஒரு சிறு கரை போட்டால் போதும். மற்றப் பக்கங்களை மலைச்சரிவே காத்துக்கொள்கிறது. கொடைக்கானல் ஏரி விண்மீன் வடிவில் இருக்கிறதென்று வியக்கிறோமே, அது தச்சன் வரைந்த வடிவமன்று. தேங்கிய நீர் உயர உயரக் கிளைப் பள்ளத்தாக்கு ஒவ்வொன்றினுள்ளும் ஒரு விரலை நீட்டியது, அவ்வளவே. சரிவில் சோலை இருக்கும் வரை அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு மழைநீரைச் சிறுகச் சிறுகக் கீழே விடுகிறது. ஆக, மலையேரியில் கரையையும் நீர்வரத்தையும் காவலையும் நிலமே தந்துவிடுகிறது. மனிதன் சேர்த்தது கொஞ்சம்.

இந்த உதவி எதுவும் இல்லாத இடத்தில் ஏரி எப்படி அமையும்? அதற்கு விடையாகத்தான் காட்டுமன்னார்கோயிலுக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையே வீராணம் கிடக்கிறது. கல்வெட்டு வழியாக வந்த பெயர் வீரநாராயணன் ஏரி. முதற் பராந்தக சோழனுடைய விருதுப்பெயர் வீரநாராயணன். அவன் ஆண்ட காலம் கி.பி. 907 முதல் 955 வரை. உதகை ஏரிக்கு இருநூறு வயது. இதற்கு ஆயிரத்துக்கும் மேல்.

நிலவமைப்பைச் சொல்கிறேன். காட்டுமன்னார்கோயிலிலிருந்து மேற்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் நோக்கிச் செல்பவர்கள் மண்ணின் நிறம் மாறுவதைக் காணத் தவறமாட்டார்கள். அது செம்மண் மேட்டுநிலம். நில இயலார் இதன் அடியிலுள்ள பாறைக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப்பெயரைத் தாங்கிய அந்தப் பாறையடுக்கில்தான் திருவக்கரையின் கல்மரங்கள் கிடைக்கின்றன. மேட்டில் இன்று முந்திரித் தோப்புகள். கிழக்கே திரும்பினால் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல், நெல், சிதம்பரம், அப்பால் கடல். செம்மண் மேடு முடிந்து வண்டல் தொடங்கும் இந்தச் சந்தியில், சரிவுக்குக் குறுக்கே வடக்கு தெற்காகச் சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்கரை. அதுதான் வீராணம். நீர் பின்னால் வந்தது. முதலில் செய்யப்பட்டது கரை.

கரையின் தென்முனை கொள்ளிடத்தை நோக்கி இருக்கிறது; வடமுனை வெள்ளாற்றை நோக்கி இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள நிலம் முழுவதையும் மறித்துப் போட்ட தடுப்பு இது என்று சொல்லிவிடலாம். தெற்கே வடவாறு வழியாகக் கொள்ளிடத்து நீர் உள்ளே வருகிறது. (தஞ்சைப் பக்கத்திலும் ஒரு வடவாறு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) மேற்கிலிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை முதலானவை மேட்டுநிலத்து மழையைச் சேர்க்கின்றன. வடக்கே பூதங்குடிப் பக்கத்திலுள்ள புதிய மதகு வழியாக வெளியேறும் நீர் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குச் சென்று வெள்ளாற்றில் கலக்கிறது. ஆகவே காவிரியின் ஒரு கிளை நீர், தன் வழியிலேயே கடல் சேராமல், வீராணத்தின் வழியாக வெள்ளாற்றுக்கு மாறிச் செல்ல முடிகிறது. வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடிய வெள்ளாறு, குடகில் பிறந்த நீரையும் பரங்கிப்பேட்டையில் கடலுக்குக் கொண்டுபோகிறது. வரைபடத்தில் இரண்டு ஆறுகளைத் தனித்தனி நீலக் கோடுகளாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். இவ்வூர் உழவருக்கு இது புதிதன்று.

இந்த ஏரிக்கு ஒரு பக்கந்தான் திட்டமான கரை. கிழக்கே உயர்ந்த கரையும் அதன் கீழே மதகுகளும் வாய்க்கால்களும் வயல்களும். மேற்கே, பழைய கல்வெட்டுகள் உள்வாய் என்று குறிக்கும் பக்கம், நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. நீர் எங்கே முடிகிறது என்பதை அந்த ஆண்டு மழைதான் தீர்மானிக்கும். நீர் ஓர் அடி உயர்ந்தால் மேற்கே வெகுதூரம் பரவும். ஓர் அடி இறங்கினால் அவ்வளவு தூரமும் சேறாகும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்து முடிக்கலாம். வீராணத்தைச் சுற்றி நடப்பதென்றால் எந்த மாதத்தில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கரைமேல் நின்று மேற்கே பார்ப்பவருக்கு எதிர்க்கரை தெரிவதில்லை. கல்கி 1950இல் 'பொன்னியின் செல்வன்' தொடரைத் தொடங்கியபோது வந்தியத்தேவனை ஆடிப்பெருக்கு நாளில் இக்கரைமேல்தான் குதிரையில் வரச் செய்தார். ஏரி அவனுக்குக் கடலாகத் தோன்றியது. அன்று முதல் தமிழ் வாசகர் அனைவருக்கும் வீராணம் கடல்தான். நம் கவிஞர்களும் மலையை விட்டால் கடலைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கல்கி ஆடி மாதத்தைத் தேர்ந்தது பொருத்தமானது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஆடியில் மேல்காற்று. அது அகன்ற நீர்ப்பரப்பின்மேல் தடையின்றி ஓடிவந்து அலையை எழுப்பிக் கிழக்குக் கரைமேல் மோதச் செய்யும். மண்கரையை இரவும் பகலும் அரிப்பது அந்த அலை. கரையின் உட்புறத்தில் கல் பாவுவது அதற்காகவே. அந்தக் கல்லுக்கு அலைகல் என்று பெயர். அழகான அந்தச் சொல்லை நம் கவிதைகளில் நான் இன்னும் கண்டதில்லை.

ஏரி பெரிது, ஆனால் ஆழமானதன்று. இங்கே ஒரு பொதுவான மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 'வீராணம் ஏரியின் நீர்மட்டம் 47 அடியைத் தொட்டது' என்று செய்தி வரும்போது 47 அடி ஆழத்துக்கு நீர் நிற்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். முழுக் கொள்ளளவின்போது குறிக்கப்படும் 47.50 அடி, கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். அவ்வளவு ஆழம் இருந்திருந்தால் இந்த நீளத்துக்கும் அகலத்துக்கும் கொள்ளளவு இப்போதுள்ளதைப் போலப் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். உண்மையான கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. பரந்த தாம்பாளத்தில் ஊற்றிய நீரைப்போல அது விரிந்து கிடக்கிறது. வெயில் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்த மெல்லிய நீர்ப்படலத்தைக் கொண்டு நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் நெல் விளைகிறதென்றால், சேமிப்பைக் காட்டிலும் பங்கீட்டிலேதான் இந்த ஏரியின் திறமை இருக்கிறது என்று தெரிகிறது. ஏரி நிரம்புவதும் வடிவதும் மீண்டும் நிரம்புவதுமாக ஒரே பருவத்தில் பலமுறை வேலை செய்கிறது.

இனி இதை அமைத்தவர்களைப் பற்றி. பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன், இராட்டிரகூடர் படையெடுப்பை எதிர்பார்த்துத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு தங்கியிருந்தான். திருநாவலூரில் அவன் பெயரால் இராசாதித்தேசுவரம் விளங்குகிறது. அவனோடிருந்த சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளங்குமரன் தென்பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் சிவன் கோயிலைக் கற்றளியாக்கினான். கல்வெட்டின் காலம் 943. போர் வராமல் ஆண்டுகள் கழிய, வேலையற்றிருந்த படைவீரரைக் கொண்டு இளவரசன் ஏரியை வெட்டுவித்தான் என்பது மரபாக வழங்கும் செய்தி. போர் 949இல் தக்கோலத்தில் வந்தது. மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாக வந்த கங்கமன்னன் பூதுகன் கையால் இராசாதித்தன் யானைமேலேயே மாண்டான். ஆனைமேல் துஞ்சின தேவர் என்ற பெயர் அவனுக்கு அதனால் வந்தது.

படைவீரர் ஏரி வெட்டிய கதை மனத்தைக் கவர்வது. நம்பத் தகாததும் அன்று. 16 கிலோமீட்டர் மண்கரைக்கு ஒழுங்குபட்ட ஆள்பலம் வேண்டும். அது படையிடம்தான் இருந்தது. ஆயினும் இந்தக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. ஏரியை வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. ஆயிரம் ஆண்டு அதை உயிரோடு வைத்திருப்பது ஆண்டுதோறும் செய்யும் வேலை. அதே பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் வாரியங்களில் ஏரி வாரியத்தையும் சொல்கின்றன. தூர் எடுப்பதற்கு ஓடங்கள் வைத்ததையும், அந்த ஓடத்தில் வேலை செய்வோருக்கு நெல் அளக்க நிலமும் பொன்னும் விட்டதையும் சோழநாட்டுக் கல்வெட்டுகள் பல இடங்களில் குறிக்கின்றன. ஏரிப்பட்டி என்றே அத்தகைய நிலத்துக்குப் பெயர். இளவரசனின் வீரமரணத்தைப் பாடுவதற்குப் புலவர் கிடைப்பார். கூடை மண்ணுக்கு இவ்வளவு நெல் என்று கணக்கெழுதியவனைப் பாட ஒருவரும் இல்லை.

ஏரியோடு எழுந்த ஊர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். இன்றைய காட்டுமன்னார்கோயிலும் உடையார்குடியும் அதனுள் அடங்கும். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற புதிருக்காகவே அதை எல்லாரும் படிக்கிறார்கள். சான்றோர் தம்முள் வழக்காடியும் வந்திருக்கிறார்கள். நான் அதை வேறொரு காரணத்துக்காகப் படிப்பதுண்டு. துரோகிகள், அவர்களுடைய உறவினர் ஆகியோரின் நிலங்களைப் பறித்து விற்கும் பொறுப்பு இந்த ஊர்ச் சபையிடம் வருகிறது. அந்த நிலத்தின் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு விடுகிறார். அரசகுலத்தைக் குலுக்கிய ஒரு கொலை, இங்கே நிலவிலைக் கணக்காக இறங்கி வந்திருக்கிறது. ஏரிநீர் பாயும் நிலத்துக்கு எப்போதும் வாங்குவோர் இருந்தார்கள்.

இலக்கிய அன்பர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனி வருவது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இந்த வீரநாராயணபுரமே. அவர் பேரர் ஆளவந்தாருக்கும் இதுவே ஊர். தேவாரத்தையும் பிற திருமுறைகளையும் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர் திருநாரையூர், காட்டுமன்னார்கோயிலுக்குக் கிழக்கே, சிதம்பரம் போகும் வழியில். தில்லைக் கோயிலில் அடைபட்டுக் கிடந்த ஏடுகளை அவர் மீட்ட வரலாற்றை உமாபதி சிவம் பாடிய திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. தமிழின் இரண்டு பெரும் பக்தித் தொகுப்புகளையும் ஆக்கியோர், ஒரு நாள் நடையில் கடந்துவிடக்கூடிய பரப்பில், ஒரே நீரியல் வட்டத்துக்குள் பிறந்தவர்கள். ஏரிதான் பாசுரங்களைத் தொகுத்தது என்று சொல்லுமளவுக்கு நான் துணியவில்லை. நாதமுனிகள் பிறப்பு ஏரிக்கு முந்தையது என்றுகூடக் கொள்ள இடமுண்டு. ஆனால் தொகுப்பென்பது தனியொருவன் காட்டில் அமர்ந்து செய்யும் வேலையன்று. ஏடு படிக்கவும் எழுதவும் பண் அமைக்கவும் பலரை ஆண்டுக்கணக்கில் ஊட்டி வளர்க்க வேண்டும். தொகுத்ததை ஓதுவோர்க்கு நிலம் விட வேண்டும். அப்படி விடுவதற்கு நீருள்ள நிலம் இந்த இரு ஆறுகளுக்கு நடுவே இருந்தது.

வைணவர் சொல்லும் இன்னொரு செய்தியையும் இங்கே குறிக்கலாம். வீராணத்துக்கு எழுபத்து நான்கு மதகுகள் இருந்தன என்றும், அவற்றைக் கண்ட இராமானுசர் அதுபோலவே அருள் பாய எழுபத்து நான்கு சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்றும் கூறுவர். இன்று கணக்கில் இருப்பவை கிழக்கிலும் மேற்கிலுமாக 34 மதகுகள். எண் எதுவாயினும், ஒரு மதகைப் பார்த்துவிட்டு ஆசாரிய பரம்பரையை எண்ணிப் பார்த்த அந்த மனம் இந்த ஊர் மனம்தான். பனிமூடிய மலையேரியைப் பார்த்து அந்த உவமை தோன்றியிருக்காது.

வீராணத்தின் அருமை அதன் அண்டை ஏரியோடு ஒப்பிடும்போது நன்றாக விளங்கும். முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற பேரேரியை அமைத்தான். கங்கை வெற்றியின் தூணாகவே அதனை எண்ணியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். இன்று பொன்னேரி என வழங்குவது அதுவே. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் அதற்கு வந்தன. அதன் கரையும் வீராணத்தைப் போலவே வடக்கு தெற்காக ஓடியது. 16 மைல் நீளமென்று 1855இல் வெளிவந்த ஓர் ஆங்கில நூல் எழுதிற்று. ஆனால் அப்போதே அது ஏரியாக இல்லை. கரை உடைந்து, நீர் வறண்டு, உள்வாய் முழுதும் காடு மண்டிக் கிடந்தது. வெற்றியின் சின்னமாக எழுந்த ஏரி அழிந்தது. விருதுப்பெயர் ஒன்றைத் தாங்கிய பழைய ஏரி நின்றது. அரசு போனபின் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரும் சபையும் கடைமடைவரை வயலும் தேவை. மேட்டுநிலத்தில் நின்ற சோழகங்கத்துக்குத் தலைநகர் போனபின் அவை வாய்க்கவில்லை. வீராணத்தின் கீழ் இருந்தவர்களுக்கோ, கரை உடைந்தால் அந்த ஆண்டு சோறில்லை.

இந்த ஒப்பீட்டில் ஒரு விசித்திரமும் கலந்திருக்கிறது. ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். கீழணைக்கு வேண்டிய கருங்கல், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கொண்டுபோகப்பட்டது. ஊரார் மறுத்தார்கள், பதிலுக்குச் செங்கல்லால் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கும் அரைகுறையாகவே நிறைவேறியது. இராசேந்திரனின் கல் அந்த அணையில் கிடக்கிறது. அந்த அணை நிறுத்தும் நீர்தான் வடவாற்றில் ஏறி அவன் எள்ளுப்பாட்டன் பெயர்கொண்ட ஏரிக்கு வருகிறது. கோயில் மதிலை இடித்ததை யாரும் மெச்ச முடியாது. இருப்பினும் கீழணை வந்தபிறகுதான், ஆற்றில் வெள்ளம் வந்தால் மட்டும் நீர் என்ற நிலை மாறி, வீராணத்துக்கு ஓரளவு நிலையான வரத்து ஏற்பட்டது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் அந்த வரத்தின் சாவி இன்னும் மேற்கே போய்விட்டது. இன்று சூன் மாதத்தில் மேட்டூர் திறக்குமா என்பதைப் பார்த்துத்தான் காட்டுமன்னார்கோயில் நாற்றங்கால் விடுகிறது.

லால்பேட்டையின் கொடிக்கால்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள், இந்த நீர் நெல்லுக்கு மட்டும் உரியதன்று. அங்கே விளையும் வெற்றிலைக்கு வெளியூர்களில் நல்ல பெயர். வெற்றிலைக்கொடி நிழலும் ஈரமும் கேட்கும் பயிர். தண்ணீர் மிகுந்தாலும் அழுகும், குறைந்தாலும் காயும். ஏரிக்கரையின் அடியில் கசியும் ஈரத்தை வைத்துக் கணக்குப் பார்த்து வளர்க்கும் அந்தக் கைத்திறனைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இப்போது சென்னையின் தாகத்துக்கு வருவோம். வீராணத்து நீரைத் தலைநகருக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் 1967க்குப் பின் உருவெடுத்தது. பெரும் பெரும் கான்கிரீட் குழாய்கள் வார்க்கப்பட்டு நெடுஞ்சாலையோரம் வரிசையாகக் கிடந்தன, திட்டம் நின்றுபோயிற்று. 1976இல் அமைந்த சர்க்காரியா ஆணையம் அதையும் விசாரித்தது. அரசியலை அரசியலார்க்கு விட்டுவிடுவோம். குழாய்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடற்ற ஏழைகள் அவற்றுள் சாக்கைத் திரையாகக் கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். நீர் போகவேண்டிய குழாயில் பிள்ளைகள் பிறந்தன. அந்தக் காட்சியை ஒரு சிறுகதையாக்கத் தமிழில் எவருக்கும் பெரிய முயற்சி வேண்டியதில்லை.

பின்னர் 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறிச் சென்னைக்கு நீர் சென்றது. சேத்தியாத்தோப்பிலிருந்து எடுக்கப்படும் நீர் வடக்குத்தில் தூய்மையாக்கப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிப் போரூரை அடைகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். இதைக் கன அடியில் மாற்றிப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.4 மில்லியன் கன அடி வருகிறது. ஓராண்டு இடைவிடாது எடுத்தால் 2,300 மில்லியன் கன அடிக்குமேல். ஏரியின் கொள்ளளவோ 1,465. முழுமையாக நிரம்பிய ஏரியை, ஒரு வயலுக்கும் விடாமல், வெயிலுக்கும் கொடுக்காமல், சென்னைக்கே அனுப்பினாலும் 230 நாட்களில் அது தீர்ந்துவிடும். எனவே ஏரி ஆண்டுக்குப் பலமுறை நிரம்பியாக வேண்டும். கொள்ளிடத்தில் நீர் வந்தாக வேண்டும். வராத ஆண்டுகளுக்கென்று நெய்வேலிப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகளும் வைத்திருக்கிறார்கள். குடிநீர் கேட்பவனுக்கு மறுப்பது நம் மரபன்று. ஆனால் ஆயிரம் ஆண்டாக மதகின் கீழிருப்பவன் உரிமை முதலில் என்று நடந்துவந்த ஓர் ஏரியில், மதகுக்கு வெகுதொலைவில் புதிதாக ஓர் உரிமையாளர் வந்திருக்கிறார். கோடையில் மட்டம் இறங்கும்போது எதற்காக நீர் நிறுத்தி வைக்கப்படுகிறது என்ற கேள்வியைக் கடைமடை உழவர் கேட்பதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதைவிட மெதுவாக வரும் இடர் வண்டல். வடவாறு நீரோடு மண்ணையும் கொண்டுவருகிறது. செம்மண் மேட்டிலிருந்து ஓடைகள் கொண்டுவருவது அதற்குமேல். மலையேரிக்கு மேலே சோலை இருப்பதுபோல் வீராணத்துக்கு மேலே காடு இருந்து மண்ணைப் பிடித்து வைக்கவில்லை. ஆழமில்லாத ஏரியில் ஒரு சாண் வண்டல் என்பது சிறிய இழப்பன்று. வண்டல் ஏறிய மேற்குப் பகுதியில் உழவு தொடங்குகிறது. உழுத நிலத்தை மீண்டும் நீருக்கு விடச் சொன்னால் வழக்கு. ஓடத்துக்கு நெல் அளந்த ஏற்பாடு எப்போது நின்றதோ அப்போதிருந்தே ஏரி மேற்கிலிருந்து சுருங்கி வருகிறது.

சுருங்கிய ஏரி வெள்ளத்தையும் குறைவாகத்தான் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுநிலத்து ஓடைகள் ஒரேயடியாகப் பொங்கி வரும்போது, லால்பேட்டை மதகைத் திறந்து வெள்ளியங்கால் ஓடையில் நீரை விடுகிறார்கள். கரையைக் காக்க வேறு வழியில்லை. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டமே பட்ட பாடு நமக்கு மறக்காது. அப்படித் திறந்துவிடும் நீர் முதலில் சூழும் ஊர்களுள் ஒன்று திருநாரையூர். நம்பியாண்டார் நம்பியின் ஊர் மழைக்காலச் செய்திகளில் வருவது இவ்வாறுதான்.

வயல்களில் பாய்ந்து எஞ்சிய நீர் வடிகால்களில் இறங்கிக் கிழக்கே போகிறது. கான்சாகிபு வாய்க்கால் சிதம்பரத்தைத் தொட்டுச் செல்கிறது. அதுவும் உப்பனாறும் போய்ச் சேருமிடம் பிச்சாவரம். கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் நடுவே உப்புநீரில் நிற்கும் அலையாத்திக் காடு அது. அங்கே நிற்கும் மரங்களுள் ஒன்று தில்லை. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த மரம். கோயிலைச் சுற்றி இருந்ததாகச் சொல்லப்படும் தில்லைவனத்தின் மரங்களை இன்று காண வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். கடல்நீரும் நன்னீரும் கலந்தால்தான் அந்தக் காடு செழிக்கும். மழைக்காலத்தில் அதற்குக் கிடைக்கும் நன்னீரில் வீராணத்து வயல்களின் வடிநீரும் உண்டு. ஓடம் வைத்துத் துடுப்புப் போடுபவர்கள் கார்த்திகையில் நீரின் நிறம் மாறிச் செம்மை ஏறுவதைச் சுட்டிக் காட்டுவார்கள். அது ஜெயங்கொண்டத்து மேட்டின் மண்.